அஸ்மி வந்தாச்சு, பழைய கார்பைனை மியூசியத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி, 8 நவம்பர் 2024

அண்ணே, ராணுவத்தின் வடக்கு கமாண்ட் 550 அஸ்மி (பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் குட்டைத் துப்பாக்கி, அதாவது சப்மெஷின்கன்) எடுத்திருக்கிறது என்று செய்தி வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? நம் ஆட்களே டிசைன் செய்தது, 33 ரவுண்டு (தோட்டா) பிடிக்கும் மேகசீன், எடையும் குறைவு. இனி ஜெர்மன் சப்மெஷின்கன் எம்பி5 எதற்கு? நம் பழைய 9 எம்எம் கார்பைன் ஸ்டெர்லிங்கை எல்லாம் மியூசியத்தில் வைத்துவிடலாம் என்கிறேன். கோத்தில் (ஆயுத அறையில்) வேலை பார்த்தவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?

8 நவம்பர் 2024, இரவு

மியூசியத்தில் வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வைப்பதற்கு முன்னால் இரண்டு துப்பாக்கியின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். ஸ்டெர்லிங்: 9 எம்எம், பேரல் (குழல்) 7.8 அங்குலம், மேகசீனில் 34 ரவுண்டு, காலியாக 2.7 கிலோ. அஸ்மி: 9 எம்எம், பேரல் 8 அங்குலம், மேகசீனில் 33 ரவுண்டு, எடை இரண்டரை கிலோவுக்குள். ஸ்டெர்லிங்கை பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது 1953-ல். எழுபது வருஷத்தில் கால் அங்குலம்கூடக் கூடவில்லை, ஒரு ரவுண்டு குறைந்திருக்கிறது!

கிண்டல் செய்வதாக நினைக்காதே. பேரல் நீளமும் ரவுண்டும் ஒன்றாக இருந்தால், வெளியே வரும் குண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். 100 மீட்டரில் அது என்ன செய்யுமோ அதையேதான் இதுவும் செய்யும். அதனால் ‘புதிய துப்பாக்கி, புதிய பலம்’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. பலம் ரவுண்டில் இருக்கிறது.

9 நவம்பர் 2024

நேற்று சொன்னதை வைத்து நான் அஸ்மியை மட்டம் தட்டுகிறேன் என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். அதனால் அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். மோவ் ஊரில் இருக்கும் ராணுவத்தின் இன்ஃபன்ட்ரி ஸ்கூலும், புனேயில் டிஆர்டிஓவின் ஆயுத ஆராய்ச்சிக் கூடமான ஏஆர்டிஇயும் சேர்ந்து செய்தது இது. முன்னால் நின்றவர் லெப்டினன்ட் கர்னல் பிரசாத் பன்சோட். நான்கு மாதத்தில் முடித்தார்கள் என்று 2021-ல், சரியாக நமக்குப் பொங்கலன்று, அரசே அறிவித்தது. மேல் பகுதி விமானத்துக்குப் பயன்படுத்தும் தரத்து அலுமினியம், கீழ்ப் பகுதி கார்பன் ஃபைபர், ட்ரிகர் பாகங்கள் உலோக 3டி பிரிண்டிங். உற்பத்தி ஹைதராபாத் லோகேஷ் மெஷின்ஸ்.

நான்கு மாதம் என்பது பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை. நம் ஊரில் ஒரு துப்பாக்கிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி முடிக்கவே வருஷக்கணக்கில் ஆகும், அதற்குள் அதை எழுத ஆரம்பித்த அதிகாரி மூன்று இடம் மாறியிருப்பார். ஆனால் 2021 அறிவிப்பிலிருந்து 2024-ல் 550 துப்பாக்கி வடக்கு கமாண்டுக்குப் போகிற வரை ஆன காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசைன் போடும் நேரம் ஒன்று, ஒரே மாதிரி ஆயிரம் துப்பாக்கி செய்து காட்டும் நேரம் வேறு. இரண்டாவதுதான் கஷ்டம்.

9 நவம்பர் 2024, மாலை

எடை பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார், ‘லேசாக இருந்தால் நல்லதுதானே?’ என்று.

தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பவனுக்கு நல்லது. சுடுபவனுக்கு எப்போதும் அப்படி இல்லை. 9 எம்எம் சப்மெஷின்கன்களில் பெரும்பாலானவற்றில் போல்ட்டை (ரவுண்டைப் பேரலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் துண்டை) பூட்டி வைக்க ஒன்றும் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பின் உதையைத் தாங்கிக்கொள்கின்றன. போல்ட் லேசாக இருந்து அது ஓடும் தூரமும் குறைவாக இருந்தால் வேகமாகப் போய் வேகமாகத் திரும்பி வரும். ஸ்டெர்லிங் நிமிஷத்துக்குச் சுமார் 550 என்ற கணக்கில் நிதானமாகப் போகும், பழகிய கை ட்ரிகரைத் தொட்டு விட்டாலே ஒற்றை ரவுண்டாகப் போடலாம். மைக்ரோ ஊஸி (Uzi) என்ற இஸ்ரேலின் குட்டி சப்மெஷின்கன் இருக்கிறதே, அது நிமிஷத்துக்கு 1,200-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் 33 ரவுண்டு இரண்டு நொடிக்குள் காலி. முதல் மூன்று இலக்கில் போகும், மீதி எங்கே போகும் என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

எம்பி5 இதை வேறு வழியில் சமாளிக்கிறது. ஹெக்லர் அண்ட் கோக் தங்கள் ஜி3 ரைஃபிளின் உருளை அமைப்பையே சின்னதாக்கி அதில் வைத்தார்கள். இரண்டு சின்ன உருளைகள் போல்ட் தலையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அழுத்தம் இறங்கிய பிறகுதான் விடும். அதனால் கனமான போல்ட் தேவையில்லை. போல்ட் மூடிய நிலையில்தான் சுடும், ட்ரிகரை இழுத்த பிறகு ஒரு இரும்புத் துண்டு முன்னால் ஓடிவந்து துப்பாக்கியை ஆட்டுவதில்லை. முதல் ரவுண்டு நினைத்த இடத்தில் போகும். 1980-ல் லண்டன் ஈரான் தூதரகத்தில் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் இதோடு நுழைந்ததை உலகமே டிவியில் பார்த்த பிறகு, எல்லா நாட்டு கமாண்டோக்களுக்கும் இது ஒன்றே வேண்டும் என்றாகிவிட்டது. நம் கமாண்டோ படையான என்எஸ்ஜியும் அதில் சேர்த்தி.

செய்யச் செலவு பிடிக்கும், சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும். எம்பி5-ன் குறை என்று நான் சொல்வது அவ்வளவுதான்.

11 நவம்பர் 2024

மேகசீனைக் கைப்பிடிக்குள் வைத்திருப்பது அஸ்மியில் எனக்குப் பிடித்த விஷயம். ஊஸியில் செய்ததுதான். இருட்டில் ஒரு கையை இன்னொரு கை தானாகக் கண்டுபிடிக்கும், மேகசீன் மாற்றக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. துப்பாக்கியின் நீளமும் குறைகிறது. ஸ்டெர்லிங்கில் மேகசீன் இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஜீப்பில் ஏறும்போது அது மாட்டாத இடம் கிடையாது, கதவு, ஸ்டியரிங், பக்கத்து ஆளின் விலா, எல்லாம். படுத்துச் சுடும்போது மட்டும் அந்தப் பக்கவாட்டு மேகசீன் வரம். தரையில் ஒட்டிப் படுக்கலாம்.

புதிய பையன்கள் அந்த மேகசீனையே கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டு சுடுவார்கள். பிடிக்காதே, பேரல் உறையைப் பிடி, மேகசீனை ஆட்டினால் ரவுண்டு சிக்கும் என்று ரேஞ்சில் எத்தனை தடவை கத்தினாலும் கேட்கமாட்டார்கள். சினிமாவில் அப்படித்தானே பிடிக்கிறார்கள்.

11 நவம்பர் 2024, கொஞ்சம் கழித்து

சினிமா என்றதும் ஒன்று. ஹீரோ ஒரே மேகசீனில் ஒரு கிராமத்தையே காலி செய்வதை நான் மன்னித்துவிடுவேன். சுட்ட பிறகு காலி கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) பொறுக்காமல் போகிறார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியாது. நிஜத்தில் ரேஞ்சில் சுட்ட ஒவ்வொரு ரவுண்டுக்கும் காலி கேஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார்பைன் பிராக்டிஸ் முடிந்தால் பித்தளை கேஸ் புல்லுக்குள் தெறித்துக் கிடக்கும், மொத்தக் கம்பெனியும் முட்டி போட்டுத் தேடும். ஒன்று குறைந்தாலும் யாரும் சாப்பிடப் போக முடியாது. இன்ஸ்பெக்டர் முதல் சமையல்காரர் வரை சேர்ந்து ஒரு கேஸைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அது ஒரு பையனின் சட்டைக் காலருக்குள் இருந்தது. சூடாக விழுந்திருக்கிறது, பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

14 நவம்பர் 2024

‘பழைய கார்பைன் சிக்கிக்கொண்டே இருக்கும் என்று போலீஸ்காரர்களே சொல்கிறார்களே’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

ஸ்டெர்லிங் ஜார்ஜ் பாட்செட் செய்த டிசைன். போல்ட்டின் மேல் சாய்வாக வரிகள் வெட்டியிருப்பார், மணலும் கரியும் அந்த வரிகளில் சேர்ந்து வழியை விட்டு ஒதுங்கிப் போகும். மேகசீனில் ரவுண்டை மேலே தள்ளும் தகட்டில் (ஃபாலோயர்) உருளை வைத்திருக்கிறது, அதனால் உரசல் குறைவு. ஒழுங்காக வைத்துக்கொண்டால் சேற்றிலும் சுடும். கான்பூரில் இங்கேயே செய்தது நம்மிடம் இருப்பது.

அப்புறம் ஏன் சிக்குகிறது? கோத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரும்பாலும் துப்பாக்கி காரணமாக இருக்காது, மேகசீன்தான் காரணம். முழுக்க ரவுண்டு போட்டு வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருப்பார்கள், ஸ்பிரிங் செத்துப்போகும். வாய் விளிம்பு கீழே விழுந்து நெளிந்திருக்கும், அதை யாரோ பிளையரால் நிமிர்த்தியிருப்பார்கள். ரவுண்டு பழையதாக இருக்கும். கூடப் போகும் கன்மேன் கடைசியாக அந்தத் துப்பாக்கியால் எப்போது சுட்டார் என்று கேட்டால் மேலே பார்த்து யோசிப்பார். இந்த நிலையில் இதற்குப் பதில் நாளைக்கே அஸ்மி கொடுத்தாலும் பதினைந்து வருஷத்தில் அதைப் பற்றியும் இதையேதான் எழுதுவார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டெர்லிங் போல, சுடத் தயாராகும்போது போல்ட் பின்னால் நிற்கும் துப்பாக்கிகளில் ஒரு ஆபத்து உண்டு. மேகசீன் மாட்டி, போல்ட் முன்னால் இருக்கும்போது பட் (பின்கட்டை) தரையில் மோதும்படி கீழே விழுந்தால், போல்ட் தன் எடையிலேயே பின்னால் போய் ஒரு ரவுண்டை எடுத்துக்கொண்டு வந்து சுட்டுவிடக்கூடும். இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் ஸ்டென் துப்பாக்கிக்கு இந்தக் கெட்ட பெயர் நிறைய. விஐபி பக்கத்தில் கூட்டத்துக்குள் நிற்பவர் கையில் இருக்க வேண்டிய துப்பாக்கி அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றலாம் என்றால், சரி, மாற்றுங்கள்.

15 நவம்பர் 2024

இல்லை, லைசென்ஸ் வாங்கி அஸ்மி வாங்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி தானியங்கித் துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது, 9 எம்எம் பாராபெல்லம் ரவுண்டே தடை செய்த ரகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வைத்திருப்பவரே மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். ஆசையாக இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து .22 சுடக் கற்றுக்கொள்ளுங்கள். இதையே இனி இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.

2 டிசம்பர் 2024

நம் நாட்டிலேயே செய்த இன்னொரு கார்பைனான ஜேவிபிசியை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்ட பழைய நண்பருக்கு. விடவில்லை, அதற்குத் தனியாக இடம் வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

அதுவும் ஏஆர்டிஇ டிசைன்தான். ஆனால் யோசனையே வேறு. ரவுண்டு 5.56 எம்எம், ஆனால் பித்தளை கேஸின் நீளம் 30 எம்எம்தான். 9 எம்எம் குண்டு தடிமனாக, மெதுவாகப் போகும். துணிக்கவசத்தில் மோதினால் நின்றுவிடும், லெவல் 3ஏ கவசம் அதற்காகவே செய்தது. சின்ன, வேகமான குண்டு அதைத் துளைக்கும். பெல்ஜியத்தின் பி90, ஜெர்மனியின் எம்பி7 எல்லாம் இந்த யோசனையில் பிறந்தவைதான். ஜேவிபிசி சுடும்போது வரும் வாயுவால் இயங்குகிறது, சுமார் 3 கிலோ, நிமிஷத்துக்கு 700-க்கு மேல், ஒரு கையாலும் சுடலாம். 2020 டிசம்பரில் ராணுவத்தின் கடைசிக்கட்ட சோதனையும் முடிந்தது. துப்பாக்கி கான்பூர், ரவுண்டு புனே கிர்க்கி தொழிற்சாலை.

துப்பாக்கியாக எனக்கு இது அஸ்மியைவிட ஒரு படி மேல். சிக்கல் ரவுண்டில். 9 எம்எம் எந்த கோத்திலும் இருக்கும், பிஸ்டலுக்கும் அதே, கார்பைனுக்கும் அதே. 5.56x30 இந்தத் துப்பாக்கிக்கு மட்டும். ஒரு மலைப்பகுதி போஸ்டில் இன்சாஸ் ரைஃபிளுக்கு (அதுவும் 5.56) ஒரு பெட்டி, ஏகேவுக்கு ஒரு பெட்டி, பிஸ்டலுக்கு ஒரு பெட்டி, இதற்கு ஒரு பெட்டி என்று வைத்தால், இரவில் தப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அதுவும் 5.56 என்ற பெயரில் இரண்டு வேறு ரவுண்டு ஒரே ரூமில்!

2 டிசம்பர் 2024

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்கவும்: போஸ்டில் நான்கு வகை ரவுண்டு என்பது கற்பனை இல்லை. ரெஜிஸ்டர் எழுதியவனுக்குத் தெரியும்.

19 ஜனவரி 2025

சப்மெஷின்கன் காலமே முடிந்துவிட்டது, அமெரிக்காக்காரன் எல்லாம் 5.56 ரைஃபிள் ரவுண்டு சுடும் எம்4 கார்பைனுக்குப் போய்விட்டான் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பாதி சரி. அவர் விட்டது இது: 2019-ல் அமெரிக்க ராணுவமே புதிதாக ஒரு 9 எம்எம் சப்மெஷின்கன் வாங்கியது. சுவிட்சர்லாந்து பி அண்ட் டி கம்பெனியின் ஏபிசி9கே. எத்தனை? 350. எதற்கு? பெரிய அதிகாரிகளின் பாதுகாப்புக்கு. கோட்டுக்குள் மறைய வேண்டும், காருக்குள் திரும்ப வேண்டும், கூட்டத்தில் சுட்டால் குண்டு நான்கு பேரைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த வேலைக்கு 5.56 அதிகம், பிஸ்டல் குறைவு.

அங்கே 350, இங்கே 550. எண்ணிக்கையைக் கவனியுங்கள். இது எல்லோருக்கும் கொடுக்கும் துப்பாக்கி கிடையாது, சிலருக்குக் கொடுக்கும் துப்பாக்கி. அஸ்மியை அறிவித்தபோதே கனரக ஆயுதக் குழு, டாங்கி ஓட்டுபவர், விமானி, டிரைவர், ரேடியோ ஆபரேட்டர், அப்புறம் விஐபி பாதுகாப்பு, போலீஸ் என்றுதான் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலைப் படித்தால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதைப் படிக்காமல் எம்பி5-ஐத் தோற்கடித்துவிட்டது என்று வீடியோ போடுபவர்களிடம்தான் சண்டை. அந்த வீடியோவில் வருவது அஸ்மியே இல்லை என்பதையும் கவனித்தீர்களா? ஏதோ கேமில் இருந்து எடுத்த படம்.

20 ஜனவரி 2025

விலை. 2021-ல் ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்குள் ஆகும் என்றார்கள். 2024-ல் 550 துப்பாக்கிக்கு ஆர்டர் 4.26 கோடி. வகுத்தால் ஒன்றுக்கு 77,000 சொச்சம். இதற்குள் ‘ஏமாற்று’ என்று குதித்துவிட்டார் ஒருவர். சின்ன ஆர்டரில் அச்சு, கருவி, சோதனை எல்லாவற்றின் செலவும் 550 தலையில் விழும். ஐம்பதாயிரம் துப்பாக்கி கேட்டால் வேறு விலை சொல்வார்கள். எனக்கு இது அநியாயமாகத் தெரியவில்லை.

21 ஜனவரி 2025

கார்பன் ஃபைபர் வெயிலில் உருகுமா? உருகாது தம்பி.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பினால் அர்த்தம் இருக்கிறது. இரும்புத் துப்பாக்கி அடிபட்டால் நெளியும், நெளிந்தது கண்ணுக்குத் தெரியும், ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) சுத்தியல் எடுப்பார். ஃபைபர் பாகம் அடிபட்டால் நெளியாது, உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாமல் கொஞ்ச நாள் ஓடும். அதனால் கீழ்ப் பகுதி ஸ்பேர் எவ்வளவு வருகிறது, மாற்ற ஆர்மரருக்கு எங்கே பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். லடாக்கில் ஒரு மலைமேல் ஸ்பேர் இல்லாமல் நிற்கும் துப்பாக்கி வெறும் தடிதான். துப்பாக்கியோடு வரும் மேகசீன்களும் அப்படித்தான். ஆளுக்கு மூன்று மேகசீன் என்றால் மாற்ற வழியில்லை, ஐந்து ஆறு என்றால் கெட்டதைத் தூக்கிப் போடத் தைரியம் வரும்.

3 மார்ச் 2025

2018-ல் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் டெஃப்எக்ஸ்போ நடந்ததே, அங்கே போனவர்கள் யாராவது கார்பைன் ஸ்டால்கள் நினைவிருந்தால் எழுதுங்கள். எனக்கு நினைவிருப்பது கூட்டமும் வெயிலும், துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க நின்ற வரிசையும்தான். வரிசையில் நின்றவர்களில் ஒருவராவது போல்ட்டைத் திறந்து உள்ளே பார்த்திருக்க வேண்டும் அல்லவா? முதலில் சேம்பர் (பேரலில் ரவுண்டு உட்காரும் இடம்) காலியா என்று பார், அப்புறம் போஸ் கொடு. ஸ்டால்காரர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை எல்லாம் துப்பாக்கி விஷயத்தில் கூடாது.

அதே வருஷம்தான் வேறொரு கூத்தும் நடந்தது. ராணுவம் 93,895 கார்பைன் அவசரமாக வேண்டும் என்று எமிரேட்ஸின் கராகல் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது. அவசரம் என்பதால் இரண்டு வருஷம் யோசித்து 2020-ல் ரத்து செய்தார்கள்.

2 ஜனவரி 2026

இந்த இழை செத்துப்போயிற்று என்று நினைத்தேன், ஆனால் செய்தி வந்ததும் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. 2025 டிசம்பர் 30-ல் பாதுகாப்பு அமைச்சகம் நெருங்கிய சண்டைக்கான கார்பைன் 4.25 லட்சத்துக்கு மேல் வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. பாரத் ஃபோர்ஜ், பிஎல்ஆர் சிஸ்டம்ஸ் இருவருக்கும், 2,770 கோடி. ராணுவத்துக்கும் கடற்படைக்கும்.

வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 65,000 சொச்சம். ரைஃபிள் ரவுண்டு சுடும் கார்பைன் 65,000-க்கும், பிஸ்டல் ரவுண்டு சுடும் அஸ்மி 77,000-க்கும்! போன ஜனவரியில் நான் சொன்னதுதான், எண்ணிக்கை பெரிதானால் விலை விழும். ஆனால் அன்றைக்கு 9 எம்எம்முக்கு மலிவு என்ற ஒரு வாதம் இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. இது 5.56x45, இன்சாஸில் போடும் அதே ரவுண்டு. போஸ்டில் இதற்கென்று தனிப் பெட்டி வேண்டாம். ஜேவிபிசி மேல் எனக்கு இருந்த ஆசையும் இதோடு பாதி குறைந்தது என்பதை அந்தப் பழைய நண்பருக்குச் சொல்லிவிடுகிறேன், அவர் வருத்தப்படுவார்.

ஆக, முதலில் கேட்ட தம்பிக்கு: காலாட்படையில் ஸ்டெர்லிங் இருந்த இடத்துக்கு வரப்போவது அஸ்மி இல்லை, இந்தக் கார்பைன்தான். அஸ்மிக்கு மிஞ்சுவது டாங்கி, டிரைவர், விஐபி பக்கத்து ஆள், அப்புறம் போலீஸ். இதில் போலீஸ்தான் பெரிய சந்தை. ஊருக்குள், கூட்டத்துக்குள், 50 மீட்டருக்குள் வேலை. 5.56 அங்கே சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகும். மாநில போலீஸ்கள் அஸ்மியை எடுத்தால் நான் கை தட்டுவேன், எடுக்கும்போதே வருஷத்துக்கு ஆளுக்கு எத்தனை ரவுண்டு பிராக்டிஸ் என்பதையும் அதே ஆர்டரில் எழுதினால்.

2 ஜனவரி 2026, இரவு

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் டார் (திருச்சி அசால்ட் ரைஃபிள்) ரைஃபிளோடு இதை ஒப்பிடச் சொல்லாதீர்கள். அது 7.62x39, முழு ரைஃபிள், வேறு சாதி. நவல்பட்டுப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள், தனியாக ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.

4 ஜனவரி 2026

ஸ்டெர்லிங் மேகசீன் ஸ்பிரிங்கை மாற்றாமல் ‘இழுத்து நீட்டி’ச் சரி செய்யலாமா என்று இன்னும் பணியில் இருக்கும் ஒருவர் கேட்கிறார். நீட்டாதீர்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி படுத்துவிடும். இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு புது ஸ்பிரிங் கேளுங்கள். வரும் வரை 34-க்குப் பதில் 28 போடுங்கள், மேல் இரண்டு ரவுண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து துள்ளி மேலே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த மேகசீனில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வையுங்கள், டியூட்டிக்குக் கொடுக்காதீர்கள்.